புதிய ஆசிரியரின் முதல் ஆண்டு யாருடைய பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வட மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பதற்குத் தென் மாவட்டங்களிலிருந்து வரும் ஆசிரியர்களே காரணம் என்றும், பணியில் சேர்ந்த கையோடு அவர்கள் சொந்த ஊருக்கு மாறுதல் கேட்டு மனுப்போடத் தொடங்கிவிடுகிறார்கள் என்றும், புதிதாக நியமிக்கப்படுவோரைச் சில ஆண்டுகளுக்கு அதே பள்ளியில் கட்டாயமாக இருத்திவைக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சுட்டும் குறை உண்மையானது. அவருடைய கோபமும் நியாயமானது. கணக்குக்கோ அறிவியலுக்கோ ஆசிரியர் இல்லாமல் ஒரு பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு வரை காத்துக்கிடப்பது எத்தகைய அநீதி என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக உணர்பவர்கள், பக்கத்து வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் எங்களைப் போன்றவர்கள்தாம். ஆனால் ஆசிரியர் ஏன் போய்விடுகிறார் என்ற கேள்விக்கு ஊர்ப்பாசம் என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, அவரைக் கட்டிப்போடுவது எப்படி என்று மட்டும் யோசிப்பதால் பயன் விளையாது. முன்பின் தெரியாத நகரத்துக்கு வந்து சேரும் ஒருவரின் முதல் ஆண்டை இன்று யாருமே பொறுப்பேற்றுக் கவனிப்பதில்லை. பெரும்பாலான மாறுதல் மனுக்கள் மனத்துக்குள் எழுதப்படுவது அந்த ஓராண்டுக்குள்தான். என் அனுபவத்தையும் என்னோடு சேர்ந்து நியமனம் பெற்ற தோழிகளின் அனுபவத்தையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

நான் தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். ஆசிரியர் தகுதித் தேர்விலும், ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய போட்டித் தேர்விலும் தேர்ச்சி பெற்று, ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராக அறிவியல் கற்பித்து வருகிறேன். நியமனக் கலந்தாய்வில் என் முறை வந்தபோது என் பாடத்துக்குத் தெற்கே ஓரிடமும் மீதமில்லை. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வடக்கே இருந்த இடங்கள்தாம் திரையில் தெரிந்தன. பெங்களூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் விரைவு ரயில் ஓசூர், தருமபுரி, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓசூரைக் கேட்டு வாங்கினேன். அதற்கு முன் இந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஓசூரைப் பற்றித் தெற்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் குளிர்ந்த ஊர், கம்பெனிகள் நிறைந்த ஊர் என்பதுதான். இரண்டும் சரியே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மார்கழி, தை மாதங்களில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நிற்பார்கள். 1970களில் மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டை வந்தது முதல் வாகனத் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும், அண்மைக் காலத்தில் மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலைகளும் பெருகி, 2019ஆம் ஆண்டில் ஊர் மாநகராட்சியாகிவிட்டது. பெங்களூரு இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே வேலை பார்க்கிறவர்களில் பலர் இங்கே குடியிருக்கிறார்கள். ஆகவே இந்த ஊரின் வாடகை அவர்களுடைய வருமானத்தைப் பார்த்து ஏறுகிறதே தவிர, அரசு ஊழியருக்கு நிர்ணயிக்கப்பட்ட வீட்டு வாடகைப்படியைப் பார்த்து ஏறுவதில்லை.

பட்டதாரி ஆசிரியரின் ஊதியம் குறைவானது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊதியம் முதன்முதலாகக் கைக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆகிறது என்பதுதான் சிக்கல். பணியேற்பு அறிக்கை கொடுத்த பிறகு பணிப்பதிவேடு தொடங்க வேண்டும். கல்விச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மை கேட்டு உரிய இடங்களுக்கு எழுத வேண்டும். ஓய்வூதியத் திட்டக் கணக்கு எண் பெற வேண்டும். கருவூல மென்பொருளில் பெயர் ஏற வேண்டும். இவையெல்லாம் தேவையானவைதாம். ஆனால் ஒன்று முடியும்வரை அடுத்தது நகர்வதில்லை. எது எங்கே நிற்கிறது என்று புதியவருக்குச் சொல்வாரும் இல்லை. என் ஆதார் அட்டையில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தது. பட்டச் சான்றிதழில் முன்னால் இருந்தது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகக் கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது. அது திரும்பி வந்த செய்தி எனக்கு எட்டுவதற்குள் அந்த மாதத்து ஊதியப் பட்டியல் போய்விட்டது. நிலுவை முழுவதும் பின்னர் சேர்ந்து கிடைத்தது என்பது உண்மைதான். அதுவரை அம்மாவின் வளையல்கள் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அடகில் இருந்தன. அடகு வைக்க நகையே இல்லாத வீட்டிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரியாக வருகிற ஓர் ஆசிரியர் அந்த மாதங்களை வட்டிக்கு வாங்கித்தான் கடக்கிறார். அந்த வட்டியை எந்த நிலுவைப் பட்டியலிலும் சேர்த்துத் தருவதில்லை.

இப்படிக் கையில் பணம் இல்லாத அதே மாதங்களில்தான் வீடு பார்க்க வேண்டியிருக்கிறது. நான் விசாரித்த வீடுகளில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டவர்களே அதிகம். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் குறித்துத் தமிழ்நாடு 2017ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்கிறது. அந்த ‘வேறு உடன்பாட்டை’ எழுதுகிற இடத்தில் வீட்டுக்காரர்தான் இருக்கிறார், வந்து நிற்கும் வெளியூர்க்காரர் இல்லை. பணம் ஒருபுறம் இருக்க, மணமாகாத பெண் தனியாகத் தங்குவதற்கு வீடு என்றவுடன் கேள்விகள் மாறிவிடுகின்றன. அப்பா எப்போது வருவார், அண்ணன் தம்பி உண்டா, ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்பார்கள். அரசுப் பள்ளியில் டீச்சர் என்று சொன்ன பிறகும், ‘பெரியவங்க யாராவது வந்து பேசட்டும்மா’ என்று அனுப்பிவைத்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. முன்பின் அறியாதவரிடம் வீட்டைக் கொடுப்பவருக்கும் தயக்கம் இருக்கும். ஆனால் பள்ளியின் சார்பிலோ துறையின் சார்பிலோ ஒருவர் கூட வந்து, ‘இவர் எங்கள் ஆசிரியர்’ என்று சொல்லியிருந்தால் அந்தத் தயக்கம் பாதியிலேயே தீர்ந்திருக்கும்.

கடைசியில், தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் தனியார் விடுதி ஒன்றில் நால்வர் அறையில் இடம் கிடைத்தது. உடன் இருந்தவர்கள் தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தங்கைகள். எனக்கு எந்தக் குறையும் வைக்காத நல்ல பிள்ளைகள். ஆனால் அவர்கள் ஷிப்டு முறையில் வேலைக்குப் போகிறவர்கள். இரவில் ஒருத்தி வந்து படுக்கும் நேரத்தில் இன்னொருத்தி எழுந்து கிளம்புவாள். யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பதால் அறையில் விளக்குப் போட முடியாது. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களை விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்துதான் திருத்தினேன். ஆள் போகவர இடம் விட்டு, சுவரோரமாகக் கட்டுக்கட்டாக அடுக்கி, மேல்படியில் திருத்தியவை, கீழ்படியில் திருத்தாதவை என்று வைத்துக்கொள்வேன். அந்தப் படியில் எரிந்த விளக்கு, சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும் வகையைச் சேர்ந்தது. எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து, விட்ட வரியைத் தேடி மறுபடி படிக்க வேண்டும். இதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஏதுமில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யோசித்து எழுதிய விடையை அந்த வெளிச்சத்தில் படிப்பது அந்தப் பிள்ளைக்கு நியாயமாகுமா என்பதுதான் என் கேள்வி.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். நான் எழுத நினைத்ததில் முக்கியமான பகுதி இதுதான். என் வகுப்பில் தெலுங்கு, கன்னடம், உருது, தமிழ் பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாரும் தமிழ் படிக்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். ஆனால் புத்தகத் தமிழில் அறிவியல் பாடத்தைப் புரிந்துகொள்வது வேறு. அதிலும் நெல்லைச் சீமையின் வேகத்தோடு நான் பேசுவதைப் பின்தொடர்வது அதைவிடக் கடினம். நான் கல்வியியல் படித்த கல்லூரியில் பல மொழிப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் வகுப்பைப் பற்றி ஒரு தாளில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பிய பள்ளியிலோ எல்லாரும் என்னைப் போலவே பேசினார்கள்.

அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தை நடத்தியபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மஞ்சள் பொடியைக் கரைத்துத் தாளில் தடவிக் காயவைத்த துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். துணி சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டவுடன் மஞ்சள், செம்பழுப்பாக மாறியது. எலுமிச்சைச் சாறு பட்டவுடன் திரும்பவும் மஞ்சளானது. அதுவரை வாயே திறக்காத, தெலுங்கு பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, ‘ஆரத்தித் தண்ணி மிஸ்’ என்றாள். அவள் சொன்னது முற்றிலும் சரி. மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் தண்ணீர் சிவப்பதும் அதே காரத்தன்மையின் வேலைதான். அடுத்த நிமிடம் வகுப்பே பேசத் தொடங்கிவிட்டது, எந்தெந்த மொழியிலோ. ஒடிசாவிலிருந்து வந்த பையன் சுண்ணாம்பு வாங்கி வரவா என்று சைகையாலேயே கேட்டான். இப்படிப் பாடம் நடத்த வேண்டிய வகுப்பு இது என்பது எனக்குப் புரிவதற்குப் பல மாதங்கள் ஆகிவிட்டன. அந்த மாதங்களில் நான் நடத்திய பாடங்களை யார் திருப்பித் தருவது?

அந்தப் புரிதலை எனக்குத் தந்தவர் எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை. பாகலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் தடையின்றிப் பேசுவார். என் வகுப்பில் பிள்ளைகள் மௌனமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தமக்கு ஓய்வுப் பாடவேளை கிடைத்த நாள்களில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து கவனித்தார். ‘நீங்க கேக்குற கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியும்மா; வாய்க்குத் தமிழ் வர கொஞ்சம் நேரமாகும், பொறுங்க’ என்று அவர் சொன்ன ஒன்று, நான் படித்த பல தாள்களைவிட எனக்கு உதவியது. நாள்தோறும் தாமதமாக வரும் ஒரு மாணவனைப் பற்றி நான் கேட்டபோது, அவன் குடியிருக்கும் லைன் வீட்டுக்கே என்னை அழைத்துப் போனார். ஒரே வரிசையில் ஒற்றை அறை வீடுகள், பொதுக் குழாயடி. அவனுடைய அப்பா ரோஜாப் பண்ணையின் பசுமைக்குடிலில் வேலை செய்கிறார். அம்மா முதல் ஷிப்டுக்கு விடியுமுன்பே கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடுகிறார். சோறு வடித்து, தங்கையைக் குளிப்பாட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறவன் அவன். வருகைப் பதிவேட்டில் அவன் ‘தாமதம்’ மட்டும்தான்.

இந்த விவரமெல்லாம் அந்த அக்காவின் நினைவில் இருக்கிறது. பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனக்கு வழிகாட்ட வேண்டும் என்று யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை; தம்முடைய ஓய்வு நேரத்தைச் செலவழித்து, நல்ல மனத்தால் செய்தார். அவர் விரைவில் பணி ஓய்வு பெறப்போகிறார். பக்கத்து ஒன்றியத்தில் பணியாற்றும் என் தோழியின் பள்ளியில் இப்படி ஒருவர் இல்லை. அவள் சேர்ந்த நாள் முதல் கணினி தெரிந்த இளையவள் என்று, பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவுகள், உதவித்தொகை விண்ணப்பங்கள், மாணவர்களின் ஆதார் திருத்தங்கள் எல்லாவற்றையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். அவள் மாறுதலுக்கு விண்ணப்பித்துவிட்டாள். அவளைக் கட்டாயப்படுத்தி நிறுத்திவைத்தால் அந்தப் பணியிடம் நிரம்பியிருக்கும். வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அரசிடம் நான் புதிதாக எதையும் உருவாக்கித் தரக் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தோழி விடுதிகளை அரசு பல நகரங்களில் கட்டி நடத்தி வருகிறது. அவற்றில் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியைகளுக்கு முதல் ஓராண்டுக்குச் சில இடங்களை ஒதுக்கலாம். காவல்துறையினருக்கு வீடு கட்டித் தருவதற்கென்றே 1981ஆம் ஆண்டு முதல் தனிக் கழகம் இருக்கிறது. வெளி மாவட்டத்துக்கு அனுப்பப்படும் ஆசிரியர்களுக்கு அந்த அளவு வேண்டாம். காலூன்றும் வரை தங்க ஓர் அறை போதும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல், நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாகத் தொழில் நிறுவனங்கள் அரசுப் பள்ளிகளுக்கு உதவ முடிகிறது. வகுப்பறைச் சாதனங்கள் வாங்கித் தரும் அதே உள்ளங்கள், அவற்றை வைத்துப் பாடம் நடத்த வருபவர் தங்குவதற்கும் உதவலாம் என்று அரசு கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

முதல் மாத ஊதியத்தைப் பொறுத்தவரை, சான்றிதழ் சரிபார்ப்பு முடியும்வரை அடிப்படை ஊதியத்தின் ஒரு பகுதியையாவது முன்பணமாகக் கொடுத்துப் பின்னர் ஈடுசெய்துகொள்வதில் கருவூலத்துக்கு இழப்பு ஏதும் இல்லை. ஒரு கோப்பு திருப்பி அனுப்பப்பட்டால் உரியவரின் கைப்பேசிக்கு அன்றே குறுஞ்செய்தி போக வேண்டும். ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் வருகிற குறுஞ்செய்தி இதற்கும் வரலாமே.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திக் கேட்பது ஒன்று உண்டு. கிருஷ்ணகிரியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் பொதுவான பயிற்சிகளோடு, இந்த மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பயிற்சியை அந்நிறுவனம் நடத்த வேண்டும். வகுப்பறைக்குத் தேவையான அளவு பேச்சுத் தெலுங்கும் கன்னடமும், பிள்ளைகளின் வீட்டுச் சூழலும், தளி, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளிலிருந்து சிப்காட் வரை குடும்பங்கள் பிழைக்கும் விதமும் அதில் இடம்பெற வேண்டும். பாடம் சொல்லித்தர வெளியிலிருந்து வல்லுநர்களை வரவழைக்க வேண்டியதில்லை. இங்கேயே முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பணியில் இருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவரைப் புதியவருக்கு வழிகாட்டியாக எழுத்துமூலம் நியமித்து, அதற்காக வாரத்தில் சில பாடவேளைகளை இருவருடைய கால அட்டவணையிலும் விட்டுவைக்க வேண்டும். இடம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க ‘தமிழ் மொழி கற்போம்’ என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்திருக்கிறது. மிக நல்ல முயற்சி. அந்தப் பிள்ளைக்கு எதிரில் நிற்கும் ஆசிரியரும் அதே நகரத்துக்குப் புதியவர்தான் என்பதையும் அரசு கணக்கில் கொள்ள வேண்டும்.

கட்டாயப் பணிக்காலத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகள் இதே பள்ளியில் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதே ஆணையில் அரசின் கடமையும் எழுதப்பட வேண்டும். முதல் ஊதியம் எத்தனை நாள்களுக்குள் கிடைக்கும், தங்க இடம் எங்கே, வழிகாட்டி யார் என்ற மூன்றையும் சொல்லாமல், ஆசிரியர் போகக்கூடாது என்பதை மட்டும் சொல்லும் ஆணையால் பணியிடப் பட்டியல்தான் நிரம்பும். இவ்வாண்டுப் பொது மாறுதல் கலந்தாய்வுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பொதுத்தேர்வு வரை நானே நடத்த வேண்டும் என்று விரும்புகிறேன். என்னைத் தங்கவைத்தது விதி எதுவும் இல்லை. கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த அந்த அக்காதான். எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒருவர் தாமாக வாய்ப்பார் என்று நம்பி ஒரு துறை இயங்கலாகாது.

அடுத்த நியமனக் கலந்தாய்வுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பாக, கிருஷ்ணகிரி உள்ளிட்ட வட மாவட்டங்களுக்கு அனுப்பப்படுவோருக்கான இந்த ஏற்பாடுகளைப் பள்ளிக் கல்வித்துறை அறிவிக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தகுதிகாண் பருவத்தில் இருப்பதால் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்றும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டதாரி ஆசிரியை, அறிவியல்,
ஓசூர்.